டிஜிட்டல் இசை வாங்கும் டிஜேக்களுக்கு டெம்போவும் மெட்டாடேட்டாவும்: முழுமையான வழிகாட்டி

இணையக் கடையில் ஒரு டிராக்கின் பெயருக்கு எதிரே டெம்போ, அதாவது நிமிடத்துக்கு எத்தனை பீட் (பிபிஎம்) என்ற வேகம், 128 என்று போட்டிருந்தால், அந்த எண்ணை எழுதியது யார் என்ற கேள்வியிலிருந்துதான் டிஜேயின் கொள்முதல் தொடங்க வேண்டும். தயாரிப்பாளர் தம் மென்பொருளில் வைத்த டெம்போவை லேபிள் (இசையை வெளியிடும் நிறுவனம்) அப்படியே அனுப்பியிருக்கலாம். விநியோகப் படிவத்தை நிரப்பிய ஒருவர் உத்தேசமாக எழுதியிருக்கலாம். கடையின் கணினி ஒலிக்கோப்பை அலசித் தானாகவே கணித்திருக்கலாம். மூன்று வகை எண்களும் திரையில் ஒரே எழுத்துருவில், ஒரே உறுதியோடு தெரிகின்றன என்பதுதான் சிக்கல். வினைல் தட்டுகளை மட்டும் வாசித்த காலத்தில் டிஜேக்கள் கடிகாரத்தை வைத்துக்கொண்டு பீட்டுகளை எண்ணி, தட்டின் உறையில் சிறு தாளை ஒட்டி எண்ணை எழுதிக்கொண்டார்கள். அந்த எண்ணுக்குப் பொறுப்பு அவர்களுடையதாகவே இருந்தது. 2004இல் தொடங்கிய பீட்போர்ட் போன்ற, டிஜேக்களுக்கென்றே உருவான கடைகளில் டெம்போ, கீ (டிராக்கின் சுருதி நிலை), லேபிள், வெளியீட்டுத் தேதி ஆகியவை தேடக்கூடிய விவரங்களாக, அதாவது மெட்டாடேட்டாவாக, வந்துவிட்டதால் அந்த உழைப்பு குறைந்தது உண்மை. ஆனால் எண்ணின் பொறுப்பு யாருடையது என்பது மங்கிப்போயிற்று.

கடையின் தேடல் பெட்டியிலிருந்து பிளேயரின் திரை வரை செய்ய வேண்டியவற்றை அவற்றைச் செய்ய வேண்டிய வரிசையிலேயே இந்த வழிகாட்டி விளக்குகிறது. வரிசையை வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு: இவற்றுள் சில வேலைகளைத் தாமதித்துச் செய்தால், அதற்கு முன் செய்து முடித்த வேலைகள் வீணாகிவிடும்.

முதல் படி: உங்கள் டெம்போ எல்லையைக் கணக்கிடுதல்

கடையின் வடிகட்டியைத் தொடுவதற்கு முன், உங்கள் செட் (தொடர்ந்து வாசிக்கும் டிராக்குகளின் வரிசை) எந்த வேகத்தைச் சுற்றி நகர்கிறது என்பதையும், வேகத்தை மாற்றும் பிட்ச் ஃபேடரை எவ்வளவு தூரம் நகர்த்த உங்கள் காது ஒப்புகிறது என்பதையும் எண்களாக எழுதிக்கொள்ளுங்கள். உதாரணமாக, செட்டின் மையம் 124 பிபிஎம் என்றும், நான்கு விழுக்காடு வரை ஏற்றி இறக்கலாம் என்றும் வைத்துக்கொண்டால், 119 முதல் 129 வரையுள்ள டிராக்குகள் உங்கள் கைக்கு எட்டியவை. 1979இல் வந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200எம்கே2 டர்ன்டேபிளின் ஃபேடர் எட்டு விழுக்காடு வரைதான் நகரும். இன்றைய பிளேயர்களில் 16 விழுக்காடும் அதற்கு மேலும் உண்டு என்றாலும், அவ்வளவு தூரம் நகர்த்தினால் அதற்கான விலையை ஒலித்தரத்தில் கொடுக்க வேண்டியிருக்கும்.

கீயைப் பூட்டாமல் வேகத்தைக் கூட்டினால் சுருதியும் சேர்ந்து ஏறுகிறது. ஏறத்தாழ ஆறு விழுக்காடு ஏற்றினால் ஒரு முழு அரைச்சுரம் உயர்ந்துவிடும். 120 பிபிஎம் டிராக்கை 128க்குக் கொண்டுவர 6.7 விழுக்காடு ஏற்ற வேண்டும்; பாடகரின் குரல் அப்போது அரைச்சுரத்துக்கும் சற்று மேலே போய் நிற்கும். மாஸ்டர் டெம்போ அல்லது கீ லாக் எனப்படும் வசதியைப் போட்டால் சுருதி நிலைத்திருக்கும். ஆனால் பெரிய மாற்றங்களில் குரலில் ஒரு நடுக்கமும் கிக் டிரம்மின் தாக்குதலில் ஒரு மழுங்கலும் வந்து சேரும். ஆகவே வாத்திய டிராக்குகளுக்குச் சற்று அகன்ற எல்லையும், குரல் முன்நிற்கும் டிராக்குகளுக்குக் குறுகிய எல்லையும் வைத்துக்கொள்வது நல்லது.

இந்த எல்லை தேடலைச் சுருக்குவதற்கான கருவி மட்டுமே. எல்லைக்கு ஓரிரு எண்கள் வெளியே இருக்கிறது என்பதற்காக நல்ல டிராக்கைக் கைவிடுவதும், எல்லைக்குள் கச்சிதமாக அமர்கிறது என்பதற்காகச் சுமாரான டிராக்கை வாங்குவதும் வடிகட்டியை எசமானாக்கிக்கொள்வதில்தான் முடியும்.

இரண்டாம் படி: பாதி, இரட்டிப்பு, மூன்றில் இரண்டு

டெம்போவைக் கணிக்கும் மென்பொருள்கள் பெரும்பாலும் எண்ணின் அருகில் தவறுவதில்லை. தவறினால் ஒரு விகிதத்தில் தவறுகின்றன. 174 பிபிஎம் டிரம் அண்ட் பேஸ் டிராக் 87 என்று பட்டியலில் இருக்கும். 140 பிபிஎம் டப்ஸ்டெப் டிராக்கில் ஸ்னேர் மூன்றாம் பீட்டில் மட்டும் விழுவதால் அது 70 என்று பதிவாகும். இவற்றைப் பிழை என்று முழுமையாகச் சொல்லிவிட முடியாது. ஒரே டிராக்கை இரண்டு விதமாகவும் எண்ணலாம். ஆனால் தேடல் வடிகட்டிக்கு இந்த நயம் தெரியாது. 170 முதல் 178 வரை என்று வடிகட்டினால், 87 என்று குறிக்கப்பட்ட அத்தனை டிராக்குகளும் உங்கள் பார்வைக்கு வராமலே போய்விடும். எனவே ஒவ்வொரு தேடலையும் இரண்டு முறை, பாதி எண்ணிலும் முழு எண்ணிலும், நடத்த வேண்டும். 85 முதல் 90 வரையுள்ள ஹிப்-ஹாப் டிராக்குகளும் டிரம் அண்ட் பேஸும் ஒரே செட்டில் கைகோப்பதற்கு இந்த இரட்டிப்பு உறவே அடிப்படை என்பதால், அந்த இரண்டாவது தேடலில் எதிர்பாராத நல்ல சரக்கும் அகப்படும்.

இதைவிடத் தந்திரமானது மும்மைத் தாளத்தால் வரும் தவறு. 174 பிபிஎம் டிராக்கை மென்பொருள் 116 என்று கணித்துவிடும். அது சரியாக மூன்றில் இரண்டு பங்கு. ஆறுக்கு எட்டு நடையில் 96 பிபிஎம்மில் ஓடும் பாடல் 128 என்றோ 144 என்றோ வரலாம். 116 என்பதைப் பார்த்தவுடன் மெதுவான ஹவுஸ் டிராக் என்று நம்பிவிடத் தோன்றுவதால் இந்த எண்கள் ஆபத்தானவை. பாதி எண்ணைப் போல இவை கண்ணை உறுத்துவதில்லை. ஜானர் (இசை வகை) பெயரும் டெம்போவும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்றால், எண்ணை ஒன்றரையால் பெருக்கியும் வகுத்தும் பாருங்கள். விடை அந்த ஜானரின் வழக்கமான வேகத்தில் வந்து விழுந்தால் மர்மம் தீர்ந்தது.

மூன்றாம் படி: முன்னோட்டத்தைக் கேட்டு எண்ணுதல்

சந்தேகம் வந்த டிராக்கைக் காசு கொடுப்பதற்கு முன்பே அளந்துவிடலாம். பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்கும் பழைய முறை பாதியா இரட்டிப்பா என்பதைத் தீர்க்கப் போதுமானதே தவிர, அதற்கு மேல் உதவாது; ஒரு பீட் கூடக்குறைய எண்ணினால் விடையில் நான்கு பிபிஎம் மாறிவிடும். நேரத்தை நிறுத்தி வைத்துக்கொண்டு பீட்டை எண்ணுவதற்குப் பதிலாக, பீட்டை நிறுத்தி வைத்துக்கொண்டு நேரத்தை அளப்பதே சிறந்த வழி. ஒரு பாரின் (நான்கு பீட் கொண்ட தாளச் சுற்றின்) முதல் கிக் விழும்போது நிறுத்துக் கடிகாரத்தை ஓட விடுங்கள்; அந்தக் கிக்கைப் பூஜ்யம் என்று கொண்டு, அறுபத்துநான்காவது பீட்டில், அதாவது பதினாறு பார்கள் முடிந்து அடுத்த பார் தொடங்கும் கிக்கில், நிறுத்துங்கள். 3840ஐ அந்த விநாடிகளால் வகுத்தால் டெம்போ கிடைக்கும். சரியாக 30 விநாடி என்றால் 128. ஏறத்தாழ 31 விநாடி என்றால் 124. விரல் பத்தில் ஒரு விநாடி பிசகினாலும் விடையில் அரை பிபிஎம் கூட மாறாது. இரண்டு டிராக்குகளில் எது வேகமானது என்று தீர்மானிக்க இந்த அளவு துல்லியம் தாராளம்.

முன்னோட்டம் டிராக்கின் ஒரு பகுதியை மட்டும் கேட்கக் கொடுக்கும் கடைகளில் தொடக்கமும் முடிவும் பெரும்பாலும் கேட்கக் கிடைப்பதில்லை. டிஜேக்குக் கலக்கும் இடங்கள் அவைதாம் என்பது வேடிக்கை. முழு டிராக்கையும் வேறோர் ஸ்ட்ரீமிங் தளத்தில் கேட்க முடிந்தால், அளவீட்டைத் தொடக்கத்தில் ஒருமுறையும் முடிவுக்கு அருகில் ஒருமுறையும் செய்யுங்கள். இரண்டு விடைகளும் தெளிவாக மாறுபட்டால், கடையில் உள்ள ஒற்றை எண் வெறும் சராசரி என்று பொருள்.

இது பழைய பதிவுகளில் இயல்பானது. லின் எல்எம்-1, ரோலண்ட் டிஆர்-808 ஆகிய டிரம் மெஷின்கள் 1980இல் வந்தன. அவற்றுக்கு முந்தைய டிஸ்கோ, ஃபங்க் பதிவுகளில் பெரும்பாலும் டிரம் வாசித்தவர் மனிதர். பல்லவியில் அவர் கொஞ்சம் முந்துவார், பிரேக்கில் கொஞ்சம் தளர்வார், அந்த இழைவுக்காகத்தான் அந்த இசையை விரும்புகிறோம். இத்தகைய டிராக்கை வாங்கக் கூடாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் வாங்கும்போதே, பீட்டுகளை நேராக்கி வெளியிட்ட டிஜே எடிட் ஏதேனும் சட்டப்படி விற்பனைக்கு உண்டா என்று தேடிப் பாருங்கள். இல்லையென்றால் பீட்டுகள் விழும் இடங்களைக் காட்டும் கோடுகளான பீட்கிரிட் (சுருக்கமாகக் கிரிட்) அமைக்க ஆகும் நேரத்தையும் விலையோடு சேர்த்துக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: எந்தப் பதிப்பு என்பதை உறுதிசெய்தல்

என் கணிப்பில் மெட்டாடேட்டாவில் மிக முக்கியமான புலம் டெம்போ கூட இல்லை, பதிப்பின் பெயர்தான். டெம்போ தவறாக இருந்தால் ஒரு நிமிடத்தில் திருத்திவிடலாம். சுருக்கப்பட்ட ரேடியோ எடிட்டை வாங்கிவிட்டு, கலப்பதற்கு வசதியாக நீண்ட தொடக்கமும் முடிவும் கொண்ட எக்ஸ்டெண்டட் மிக்ஸை அதிலிருந்து திருத்தி எடுக்க முடியாது.

பதிப்பின் பெயரையும் கால அளவையும் எப்போதும் சேர்த்தே படியுங்கள். 128 பிபிஎம்மில் ஒரு பார் 1.875 விநாடி, பதினாறு பார் அரை நிமிடம், முப்பத்திரண்டு பார் ஒரு முழு நிமிடம். முன்னும் பின்னும் ஒவ்வொரு நிமிடம் டிரம் மட்டும் ஓடும் டிராக், நடுவில் ஒழுங்கான பாடல் அமைப்பையும் கொண்டிருந்தால், மூன்று, மூன்றரை நிமிடத்துக்குள் அடங்குவது அரிது. ஆகவே எக்ஸ்டெண்டட் என்று பெயர் வைத்திருந்தும் கால அளவு மூன்று நிமிடம் பத்து விநாடி என்று காட்டினால், அது தவறான கோப்பு என்றே சந்தேகப்பட வேண்டும். மாறாக, பெயரில் எந்தக் குறிப்பும் இல்லாமல் ஏழு நிமிடம் ஓடும் டிராக் பெரும்பாலும் முழுமையான கிளப் பதிப்பாகவே இருக்கும். ஒரிஜினல் மிக்ஸ் என்ற பெயரைச் சில கடைகள் தாமாகவே சேர்த்துவிடுகின்றன. எனவே அந்தச் சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு நீளத்தை ஊகிக்கக் கூடாது.

ரீமிக்ஸ்களைத் தேடும்போது ஒன்றை மறக்க வேண்டாம்: டெம்போவும் கீயும் பாடலுக்கு உரியவையல்ல, அந்தப் பதிவுக்கு உரியவை. ஒரே பாடலின் மூலப் பதிப்பு 100 பிபிஎம்மிலும் ரீமிக்ஸ் 126இலும் இருப்பது சாதாரணம். ஆனால் வெளியீடு முழுவதற்கும் ஒரே எண்ணைப் படிவத்தில் நிரப்பியிருப்பார்கள். பட்டியலில் ஆறு ரீமிக்ஸ்களுக்கும் ஒரே டெம்போ என்றால் அதைக் கண்டிப்பாகக் காதால் சரிபாருங்கள்.

மேலும் மூன்று எச்சரிக்கைகள். டிராக்கின் பெயருக்குப் பின் மிக்ஸ்டு என்று மட்டும் இருந்தால், அது ஏதோ ஒரு டிஜேயின் தொடர் மிக்ஸிலிருந்து வெட்டிய துண்டு. முந்தைய டிராக்கின் வால் அதன் தொடக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், டெம்போவும் அந்த மிக்ஸுக்காக மாற்றப்பட்டிருக்கலாம். கிளீன், எக்ஸ்ப்ளிசிட் என்ற குறிப்புகள் குடும்ப நிகழ்ச்சிகளில் வாசிப்பவர்களுக்கு டெம்போவைவிட முக்கியமானவை. டிஜேக்களுக்கென்றே டிராக்குகள் தரும் ரெக்கார்ட் பூல் சேவைகளில் 128-100 என்பது போல இரண்டு எண்களோடு வரும் டிரான்சிஷன் பதிப்புகள் நடுவில் வேகம் மாறுவதற்காகவே தயாரிக்கப்பட்டவை. அவற்றுக்கு ஒற்றை பிபிஎம் எண் அர்த்தமற்றது என்பதால், தலைப்பில் உள்ள இரு எண்களையும் அழிக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஐந்தாம் படி: கீ விவரத்தை அளவோடு நம்புதல்

மிக்ஸ்ட் இன் கீ மென்பொருள் பரப்பிய கேமலாட் சக்கரம் பன்னிரண்டு மைனர் கீகளுக்கு 1ஏ முதல் 12ஏ வரையும், மேஜர் கீகளுக்கு 1பி முதல் 12பி வரையும் எண் கொடுக்கிறது. ஏ மைனர் 8ஏ. சி மேஜர் 8பி. ஒரே எண், அல்லது அடுத்தடுத்த எண் கொண்ட டிராக்குகள் ஒன்றோடொன்று இசையும். டிராக்டர் மென்பொருள் பயன்படுத்தும் ஓப்பன் கீ முறையில் அதே ஏ மைனர் 1எம் என்று எழுதப்படுகிறது. கடைகளோ பெரும்பாலும் சுரப் பெயரையே காட்டுகின்றன. அதிலும் ஜி ஷார்ப் மைனர், ஏ ஃப்ளாட் மைனர் என்று ஒரே கீக்கு இரண்டு பெயர் புழங்குவதால், கீயை வைத்துத் தேடும்போது இரண்டையும் தேட வேண்டியிருக்கிறது. வாங்கிய பிறகு எல்லா டிராக்குகளையும் ஒரே முறைக்கு மாற்றி எழுதிவிட்டால் இந்தக் குழப்பம் உங்கள் நூலகத்துக்குள் நுழையாது.

கீ கணிப்பில் எல்லாத் தவறுகளும் சமமானவை அல்ல. 8ஏ என்பதை 8பி என்று கணித்தால் பெரிய தீங்கில்லை. இரண்டுக்கும் ஒரே சுரங்கள். 9ஏ என்று கணித்தாலும் பக்கத்து வீட்டுத் தவறுதான். ஆனால் அரைச்சுரம் பிசகினால் 8ஏ என்பது 3ஏ ஆகிவிடும். அந்த எண்ணை நம்பி இரண்டு மெல்லிசை வரிகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் அரங்கமே முகம் சுளிக்கும். பழைய பதிவுகளிலும், வேகம் மாற்றப்பட்ட எடிட்டுகளிலும் சுருதி இரண்டு சுரங்களுக்கு நடுவே நிற்பதால் இந்தத் தவறு நேர்கிறது. ஒரு கீபோர்டில் பேஸ் வந்து அமரும் சுரத்தைத் தேடி அழுத்திப் பார்த்தால் போதும், சில விநாடிகளில் உண்மை தெரிந்துவிடும். வெறும் தாள வாத்தியங்களால் ஆன டிராக்குக்கும் மென்பொருள் ஏதோ ஒரு கீயைச் சொல்லத்தான் செய்யும். அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

கீ லாக் இல்லாமல் வாசிப்பவர்கள் மேற்கண்ட ஆறு விழுக்காட்டுக் கணக்கை இங்கும் நினைவில் வைக்க வேண்டும். அவ்வளவு ஏற்றினால் 8ஏ டிராக் 3ஏ டிராக்காகவே ஒலிக்கும். வாங்குவதற்கான காரணங்களில் கீயைக் கடைசியில் வைக்கவே நான் பரிந்துரைப்பேன்.

ஆறாம் படி: தேதி, ஜானர், ஐஎஸ்ஆர்சி

கடை காட்டும் வெளியீட்டுத் தேதி அந்தக் கோப்பு அங்கே விற்பனைக்கு வந்த தேதி. இசை பிறந்த ஆண்டு அல்ல. 1980களின் பாடல் ஒன்று மறுவெளியீட்டின் ஆண்டோடு உங்கள் நூலகத்தில் உட்கார்ந்துகொண்டால், ஆண்டை வைத்து வரிசைப்படுத்தும் வசதியே பயனற்றுவிடும். டிஸ்காக்ஸ், மியூசிக்பிரெய்ன்ஸ் ஆகிய தரவுத்தளங்களில் லேபிளையும் கேட்டலாக் எண்ணையும் கொண்டு மூல ஆண்டைப் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். ஜானர் என்பது விற்பனை அலமாரியின் பெயர். கடைக்குக் கடை மாறும். அதைத் தேடுவதற்குப் பயன்படுத்துங்கள், வாங்கியபின் உங்கள் சொந்தச் சொல்லால் மாற்றி எழுதுங்கள்.

ஐஎஸ்ஆர்சி என்ற பன்னிரண்டு எழுத்துக் குறியீட்டைப் பலர் கண்டுகொள்வதில்லை. ஐஎஸ்ஓ 3901 தரத்தின்படி ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் தனித்தனியாக வழங்கப்படும் இக்குறியீடு, ஒரே தலைப்புள்ள இரண்டு கோப்புகள் ஒரே பதிவா வேறு பதிப்புகளா என்று தீர்த்துவைக்கும்; தொகுப்பு ஆல்பங்கள் வழியாக ஒரே டிராக்கை இரண்டாம் முறை வாங்குவதையும் தடுக்கும். அதில் உள்ள இரண்டு இலக்க ஆண்டு குறியீடு வழங்கப்பட்ட ஆண்டுதான், பதிவான ஆண்டு என்று கொள்ளக் கூடாது. கோப்பை வாங்குவது பொது நிகழ்ச்சியில் வாசிக்கும் உரிமையைத் தானாகத் தந்துவிடுவதில்லை; அந்த உரிமம் தனி. வாசித்த டிராக்குகளின் பட்டியலை உரிமைச் சங்கத்துக்குக் கொடுக்க நேரும்போது, தலைப்போடு இசையமைப்பாளர் பெயரும் இக்குறியீடும் இருந்தால் பணம் சரியான கைக்குப் போய்ச் சேரும்.

ஏழாம் படி: விவரங்களைத் தாங்கும் கோப்பு வடிவத்தைத் தேர்ந்தெடுத்தல்

வடிவத் தேர்வை ஒலித்தரத்தோடு முடித்துக்கொள்பவர்களே அதிகம். டேக்குகளின், அதாவது கோப்புக்குள்ளேயே எழுதப்படும் தலைப்பு, கலைஞர் போன்ற விவரங்களின், கண்ணோட்டத்தில் பார்த்தால் வரிசை வேறாகிறது. எம்பி3 கோப்பு ஐடி3 என்ற தரத்திலான டேக்குகளை இயல்பாகத் தாங்குகிறது. ஏஐஎஃப்எஃப் இழப்பற்றது (ஒலியில் எதையும் குறைக்காதது), அதனுள்ளும் ஐடி3 டேக்குகளை வைக்கலாம். ஃப்ளாக் கோப்பு இழப்பற்றதாகவும் அளவில் சிறியதாகவும் இருந்து, தனக்கென்று ஒரு நெகிழ்வான டேக் முறையையும் கொண்டிருக்கிறது. வேவ் கோப்பில் டேக் எழுத ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் உண்டு, ஆனால் ஒரு மென்பொருள் எழுதியதை மற்றொன்று படிக்கும் என்ற உறுதி இல்லை. வேவும் ஏஐஎஃப்எஃபும் ஒலியில் ஒன்றே, அளவிலும் ஒன்றே. இரண்டும் ஒரே விலைக்குக் கிடைக்கும்போது வேவைத் தேர்ந்தெடுக்க டிஜேக்கு ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை. வாசிக்கப் போகும் கருவியையும் கவனியுங்கள்: 2009இன் சிடிஜே-2000 பிளேயர் ஃப்ளாக்கைப் படிக்காது, 2016இல் வந்த சிடிஜே-2000நெக்சஸ்2 படிக்கும். எங்கே எந்தக் கருவி இருக்கும் என்று தெரியாதவர்களுக்கு ஏஐஎஃப்எஃப் அல்லது 320 கிலோபிட் எம்பி3 பாதுகாப்பானது.

இழப்பற்றது என்ற பெயரில் எம்பி3யை மாற்றி விற்பதும் நடக்கிறது. ஸ்பெக் போன்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்து அதிர்வெண் படத்தைப் பார்த்தால், 128 கிலோபிட் எம்பி3யிலிருந்து வந்த கோப்பில் ஏறத்தாழ 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கத்தியால் வெட்டியது போல இருள் தெரியும். அப்படித் தெரிந்தால் படத்தோடு கடைக்கு எழுதி மாற்றுக் கோப்போ பணமோ கேளுங்கள்.

எட்டாம் படி: மென்பொருளில் சேர்ப்பதற்கு முன் டேக்குகளைத் திருத்துதல்

பதிவிறக்கியவுடன் கோப்பை டிஜே மென்பொருளுக்குள் இழுத்துப் போடுவதுதான் எல்லோருக்கும் கை போகும் வழி. சற்றுப் பொறுங்கள். மென்பொருள் டேக்குகளைப் படித்துத் தன் தரவுத்தளத்தில் எழுதிக்கொள்வது கோப்பை முதலில் சேர்க்கும்போது. பிறகு வெளியே செய்யும் திருத்தங்களை மீண்டும் படிக்கச் சொல்லாவிட்டால் அது அறியாது. அதைவிட முக்கியமாக, ரெகார்ட்பாக்ஸ் போன்ற மென்பொருள் கியூ புள்ளிகளையும் (டிராக்கில் தாவிச் செல்வதற்காகக் குறித்த இடங்களையும்) பீட்கிரிட்டையும் தன் தரவுத்தளத்திலேயே வைத்து, கோப்பின் இருப்பிடத்தோடு இணைத்துக்கொள்கிறது. பிறகு கோப்பின் பெயரையோ கோப்புறையையோ மாற்றினால் அந்த இணைப்பு அறுந்து, டிராக் காணவில்லை என்று எச்சரிக்கை வரும். ஆகவே பெயர், இடம், டேக் மூன்றையும் முதலில் முடிவாக அமைத்து, அதன் பிறகே சேர்க்க வேண்டும்.

எம்பி3டேக், கிட்3 போன்ற கருவிகளில் இந்த வேலை விரைவாக முடியும். பதிப்பின் பெயரைத் தலைப்புப் புலத்திலேயே வையுங்கள். ரீமிக்ஸர் பெயருக்குத் தனிப் புலம் இருந்தாலும் பல பிளேயர்கள் அதைக் காட்டுவதில்லை. ஐடி3யின் முதல் பதிப்பில் தலைப்புக்கு 30 எழுத்துகளே இடம் என்பதால், அந்தப் பழைய டேக் மட்டும் உள்ள கோப்பில் நீண்ட தலைப்பு வெட்டுப்பட்டு, இறுதியில் நிற்கும் ரீமிக்ஸ் பெயரே முதலில் பலியாகும்; இரண்டு ரீமிக்ஸ்கள் ஒரே பெயரில் அடுத்தடுத்து நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஐடி3 2.3 பதிப்பே பழைய கருவிகளோடும் ஒத்துப்போகும். லத்தீன் அல்லாத எழுத்துகளில் உள்ள பெயர்கள் கேள்விக்குறிகளாகத் தெரிந்தால், டேக்கை யூனிகோடில் மீண்டும் எழுதிப் பாருங்கள். கருவியே அந்த எழுத்துருவைக் காட்டாது என்றால் ஒலிபெயர்ப்பை முன்னால் வைப்பதைத் தவிர வழியில்லை. ஒரே கலைஞரின் பெயர் மூன்று எழுத்துக்கூட்டல்களில் இருந்தால் மூன்று கலைஞர்களாகவே வரிசைப்படும். ஒன்றைத் தேர்ந்து மற்றவற்றை மாற்றிவிடுங்கள்.

குறிப்புப் புலம் முழுக்க உங்களுடையது. அதில் கடைகள் விளம்பர வரி எழுதி அனுப்பியிருந்தால் தயங்காமல் அழியுங்கள். தொடக்கம் எத்தனை பார், குரல் எந்த நேரத்தில் வருகிறது, முடிவில் எத்தனை பார் தனியாகக் கிடைக்கிறது என்று சுருக்கமாக எழுதலாம்: "தொ32 கு1:04 மு16" என்ற அளவில் இருந்தால் சிறிய திரையிலும் முழுமையாகத் தெரியும். கடை சொன்ன பிபிஎம் எண்ணையும் இங்கே ஒரு மூலையில் வைத்துக்கொள்ளுங்கள். மென்பொருள் அலசி முடித்ததும் தன் எண்ணை மேலே எழுதிவிடலாம். இரண்டும் முரண்படும் டிராக்குகளையே நீங்கள் முதலில் கவனிக்க வேண்டியிருக்கும்.

ஒன்பதாம் படி: எண்ணைக் கிரிட்டில் வைத்துச் சோதித்தல்

அலசலுக்கு முன், மென்பொருளின் அமைப்பில் டெம்போ எல்லையை உங்கள் இசைக்கு ஏற்ப மாற்றுங்கள். பாதி, இரட்டிப்புத் தவறுகளில் பெரும்பகுதி அங்கேயே அடங்கிவிடும். பிறகு முதல் கிக்கின் மேல் கிரிட்டின் கோட்டை நிறுத்தி, டிராக்கின் கடைசிக் கிக்குக்குத் தாவிப் பாருங்கள். அங்கும் கோடு கிக்கின் மேலேயே நின்றால் டெம்போ சரி. மற்ற எந்தச் சோதனையும் இதற்கு ஈடாகாது, ஏனெனில் சிறு பிழை நீளத்தில்தான் வெளிப்படும். உண்மையில் 127.95இல் ஓடும் டிராக்குக்கு 128 என்று கிரிட் போட்டால், முதல் நிமிட முடிவில் 23 மில்லிவிநாடி விலகல்தான். ஐந்தாவது நிமிடத்தில் அது கால் பீட், அதாவது 117 மில்லிவிநாடி ஆகி, இரண்டு கிக்குகள் தனித்தனியே உதைப்பது அரங்கின் கடைசி வரிசைக்கும் கேட்கும். இரண்டு டிராக்குகளின் பீட்டுகளைத் தானாகப் பொருத்தும் சிங்க் பொத்தானை நம்புபவர்களுக்கு இதன் பாதிப்பு அதிகம். அது ஒலியைக் கேட்பதில்லை, கிரிட்டை மட்டுமே படிக்கிறது.

கணினியில் தயாரான இசையில் டெம்போ பெரும்பாலும் முழு எண். மென்பொருள் 127.99 என்றால் அதை 128 ஆக்கிவிட்டுக் கடைசிக் கிக்கைப் பார்க்கலாம். வினைலிலிருந்து டிஜிட்டலாக்கிய பதிவில் 127.6 என்பது உண்மையான எண்ணாகவே இருக்கக்கூடும். அங்கே முழு எண்ணாக்குவதுதான் பிழை. ஐடி3 தரம் டெம்போ புலத்தை முழு எண்ணாகவே வரையறுக்கிறது என்பதால், தசமப் பின்னங்களைக் கோப்பின் டேக்கில் மட்டும் வைத்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. மனிதர் வாசித்த டிரம் உள்ள டிராக்குகளுக்கு, மாறும் டெம்போவைப் பின்தொடரும் அலசல் முறையைத் தேர்ந்தெடுத்து, நீங்கள் கலக்கப் போகும் தொடக்கத்தையும் முடிவையும் மட்டும் கையால் சரிசெய்தால் போதும்.

ஒரு மென்பொருளிலிருந்து மற்றொன்றுக்கு நூலகத்தை மாற்றும்போது எம்பி3 கோப்புகளின் கிரிட் மட்டும் ஒரே அளவில் நகர்ந்து நிற்பதைக் காணலாம். எம்பி3 குறியாக்கத்திலும் குறிநீக்கத்திலும் தொடக்கத்தில் சேரும் வெற்று இடைவெளியை ஒவ்வொரு மென்பொருளும் வேறுவிதமாகக் கணக்கிடுவதே காரணம். லேம் என்ற எம்பி3 குறியாக்கியின் 576 ஒலி மாதிரிகளும் குறிநீக்கியின் 529 மாதிரிகளும் சேர்ந்து சுமார் 25 மில்லிவிநாடி. ஒரே டிராக்கின் ஏஐஎஃப்எஃப் கோப்பில் இந்த நகர்வு வராது.

பத்தாம் படி: காப்பும் மறுபதிவிறக்கமும்

செராட்டோ என்ற டிஜே மென்பொருள் கியூ, கிரிட் விவரங்களைக் கோப்புக்குள்ளேயே எழுதுகிறது. ரெகார்ட்பாக்ஸ் தரவுத்தளத்தில் எழுதுகிறது. எந்த மென்பொருள் பயன்படுத்துகிறீர்களோ அதற்கேற்ப, இசைக் கோப்புகளையும் தரவுத்தளத்தையும் சேர்த்துக் காப்பெடுங்கள். ஒன்று இருந்து மற்றொன்று இல்லையென்றால் பாதி உழைப்புதான் மிஞ்சும். கடையிலிருந்து வந்த மூலக் கோப்பைத் தொடாமல் ஒரு தனிக் கோப்புறையில் வைத்துவிட்டு, நகலில் மட்டும் திருத்துவது நல்ல பழக்கம். கடை எப்போதும் மறுபதிவிறக்கம் தரும் என்று நம்பியிருக்கக் கூடாது. லேபிள் மாறினாலோ உரிமம் முடிந்தாலோ வெளியீடுகள் கடையிலிருந்து நீங்கிவிடுகின்றன. அதே பெயரில் புதிய மாஸ்டர் வந்து உட்காருவதும் உண்டு, அப்போது தொடக்கத்தின் நீளம் சில மில்லிவிநாடி மாறியிருந்தாலே உங்கள் கிரிட்டும் கியூ புள்ளிகளும் பொருந்தாது. எனவே மறுபதிவிறக்கம் செய்ய நேர்ந்தால் பழைய கோப்பின் மேல் எழுதவிடாமல் வேறு கோப்புறையில் இறக்கி, கால அளவையும் ஐஎஸ்ஆர்சியையும் பழையதோடு ஒப்பிட்டு, இரண்டும் ஒத்திருந்தால் மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.